பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா?

“கதைதானே! கதைக்குப் போய் இவ்வளவு கோபமா?”

ஆஸ்டின் டவுனில் நம் சங்கத்துப் படிப்பகத்தில், கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து ‘தி ஃபேமிலி மேன்’ தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிகள் நம்மிடம் கேட்ட கேள்வி இது. 2025 நவம்பரில் அதன் மூன்றாம் பாகம் வந்தது. அதைப் பார்த்து முடித்தவர்கள் பழைய இரண்டாம் பாகத்தையும் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பகலெல்லாம் சாரத்தில் நின்று சிமெண்டு பூசிவிட்டு வந்தவன் இரவில் ஒரு மணி நேரம் படம் பார்ப்பதைக் குற்றம் சொல்ல நாம் யார்? நம் சண்டை அவனோடு அல்ல; அந்தக் கதையைச் சமைத்து அவனுக்குப் பரிமாறியவர்களோடுதான்.

அந்த இரண்டாம் பாகம் 2021 ஜூன் 4-ஆம் நாள் அமேசான் பிரைமில் வெளியாயிற்று. அதற்கு முன்பே, மே 24-ஆம் நாள், தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதி, தொடரைத் தடுத்து நிறுத்தும்படி கேட்டார். வைகோ கண்டித்தார்; சீமான் கண்டித்தார். முன்னோட்டக் காட்சியை மட்டும் பார்த்து எழுந்த எதிர்ப்பு அது. தொடர் வந்தது; நாடே பார்த்தது; ஈழப் பெண்ணாக நடித்த சமந்தாவுக்குப் பரிசும் கிடைத்தது. எதிர்ப்பு மழைக்காலத்துத் தவளைச் சத்தம் போல அடங்கிவிட்டது. அந்தக் கதை எந்த இடத்தில் பொய், அந்தப் பொய்யின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று மக்களிடம் எடுத்துச் சொல்லும் வேலை மட்டும் பாக்கியாகவே நிற்கிறது. தடை கேட்பது எளிது. கணக்குப் பார்ப்பதுதான் கடினம்.

கணக்குப் பார்ப்போம்.

கதை இதுதான். ஈழப் போரில் தோற்ற போராளித் தலைவர்கள் சாகவில்லை. தப்பி லண்டனுக்குப் போய், அங்கிருந்து ஓர் அரசு நடத்துகிறார்கள். தலைவனின் தம்பி சென்னையில் பிடிபட்டு, பிறகு கொல்லப்படுகிறான். பழிவாங்கத் துடிக்கும் தலைவன் பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ. உளவுப்படையோடு கைகோக்கிறான். சென்னைக்கு வரும் இந்தியப் பிரதமரை வெடிமருந்து ஏற்றிய சிறு விமானத்தால் கொல்லத் திட்டம் போடுகிறார்கள். அதை முடிக்க வேண்டியவள் ராஜி. தமிழ்நாட்டில் ஓர் ஆலையில் கூலி வேலை பார்த்துக்கொண்டு, யாரென்று தெரியாமல் வாழும் ஈழத்துப் பெண். விடுதலைப் புலிகள் என்ற பெயரை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாமல் போய்விடுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள்.

நடந்த வரலாற்றில் ஓர் ஆணியைப் பிடுங்கிவிட்டு, ‘அது அப்படி நடக்காமல் இப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்கும் கதைக்கு மாற்று வரலாறு என்று பெயர். மேல்நாட்டுத் தொலைக்காட்சியில் இதற்குப் பெரிய சந்தை இருக்கிறது. இந்த வகையே தவறு என்று நாம் சொல்லவில்லை. 2019-ல் தொடங்கிய ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1969-ல் நிலவில் முதலில் கால் வைப்பவர் ஆம்ஸ்ட்ராங் அல்லர், சோவியத் வீரர் லியோனோவ். ஏன் அப்படி? சோவியத் ராக்கெட்டுத் திட்டத்தின் மூளையாக இருந்த கொரொலியோவ் உண்மையில் 1966 ஜனவரியில் அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனார். கதையில் அவர் சாகவில்லை. அவ்வளவுதான் அவர்கள் செய்த மாற்றம். அதன்பின் அமெரிக்கா அவமானப்பட்டு என்ன செய்யும், சோவியத்தார் பெண்ணை அனுப்பினால் அமெரிக்கா தன் பெண்களுக்கு எப்படிக் கதவு திறக்கும் என்று படிப்படியாகப் போகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் நலனுக்கும் குணத்துக்கும் ஏற்றபடி நடக்கிறார்கள். ஒரு பொய்யைக் கடன் வாங்கினார்கள். அதற்கு மாதாமாதம் ஒழுங்காக வட்டி கட்டினார்கள்.

கட்டாதவர்களும் உண்டு. 2015 முதல் 2019 வரை ஓடிய ‘தி மேன் இன் தி ஹை காசில்’ தொடரில் இட்லரும் ஜப்பானும் போரில் வென்று அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டமுடியாத ஜெர்மன் படை அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒரு கண்டத்தையே பிடித்துவிட்டதாம்! கப்பல் எங்கே, எண்ணெய் எங்கே, ஆள் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அந்தப் பொய்யால் யாருக்கு என்ன நட்டம்? அதைப் பார்த்துவிட்டு நியூயார்க்கில் எந்த ஜெர்மன் தொழிலாளிக்கும் வாடகை வீடு இல்லையென்று சொல்லிவிடவில்லை. அதனால் அது பொருந்தாப் பொய்யாக இருந்தாலும் பொழுதுபோக்காகவே நின்றுவிட்டது.

நம் தொடருக்கு வருவோம். நேர்மையாகவே பேசுவோம். அதில் நம்பத்தக்கவை இல்லையா? இருக்கின்றன. சிறு விமானம் கற்பனை அன்று. 2007 மார்ச் 26-ஆம் நாள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது புலிகள் செக் நாட்டு ஸ்லின் வகைச் சிறு விமானங்களில் வந்து குண்டு போட்டார்கள். 2009 பிப்ரவரி 20-ஆம் நாள் கொழும்பின் மீது கடைசியாக இரண்டு விமானங்களை ஏவினார்கள். இந்தியத் தலைவர் ஒருவரைத் தமிழ்நாட்டு மண்ணில் கொன்றதும் கற்பனை அன்று. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அதை நாம் மறைக்கவும் மாட்டோம், நியாயப்படுத்தவும் மாட்டோம். இலங்கை சீனாவின் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று தில்லி அஞ்சுவதும் உண்மைதான். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்றே.

இத்தனை உண்மைச் செங்கல்லையும் அடுக்கிவிட்டு, நடுவில் ஒரே ஒரு களிமண் கட்டியை வைக்கிறார்கள். ஈழத்துப் போராளியும் பாகிஸ்தான் உளவுப்படையும் கூட்டாளிகளாம்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

பாகிஸ்தான் யார் பக்கம் நின்றது? 1971-ல் இந்தியா தன் வான்வழியை மூடியபோது, கிழக்கு வங்கத்துக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. அன்றைய நட்பு பிறகும் அறுபடவில்லை. 2000-ஆம் ஆண்டில் யானையிறவு முகாம் வீழ்ந்து, யாழ்ப்பாணமே கைவிட்டுப் போகும் நிலையில் கொழும்பு தவித்தபோது, பல்குழல் பீரங்கிகளைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தவர்களில் பாகிஸ்தான் முன்வரிசையில் நின்றது. 2006 ஆகஸ்டு 14-ஆம் நாள் கொழும்பில் பாகிஸ்தான் தூதர் பஷீர் வாலி முகமது சென்ற வாகன வரிசையில் கண்ணிவெடி வெடித்தது. தூதர் தப்பினார், 7 பேர் மாண்டார்கள். இலங்கை அரசு யாரைக் குற்றம் சாட்டியது? புலிகளை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பழி புலிகள் மேல் விழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வடக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்களைப் புலிகள் கையில் அகப்பட்டதோடு வெளியேறச் செய்தார்கள். இந்த இயக்கத்தில் மிஞ்சியவர்கள் இசுலாமியக் குடியரசின் உளவுப்படையோடு போய்ச் சேர்ந்தார்கள் என்றால், எப்படிச் சேர்ந்தார்கள், யார் யாரை மன்னித்தார்கள் என்று சொல்ல வேண்டாமா? பாகிஸ்தானும்தான், பல்லாண்டு நண்பனான கொழும்பைத் தூக்கியெறிந்துவிட்டு, தோற்று ஓடியவர்களோடு சேர்வதால் அதற்கு என்ன லாபம்? தொடரில் ‘பழிவாங்கும் வெறி’ என்ற ஒரே சொல்லால் இத்தனையையும் தாண்டிப் போகிறார்கள்.

தோற்றவன் யாரோடும் சேர்வான் என்று சிலர் வாதாடலாம். சேரலாம். ஆனால் உண்மையில் தோற்றபின் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியுமே! புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் 2010-ல் நாடுகடந்த தமிழீழ அரசாங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் அதற்குத் தலைமை ஏற்றார். நாடு நாடாக வாக்குப்பெட்டி வைத்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெனீவாவில் மனு கொடுத்தார்கள். தெருவில் மெழுகுவர்த்தி ஏந்தினார்கள். அவர்கள் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். வெடிமருந்து விமானம் வாங்கவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் இந்த முடிச்சு எதற்கு? வடநாட்டுப் பார்வையாளனுக்குப் பாகிஸ்தான்காரன் என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. தமிழன் எதற்காகச் சண்டை போட்டான் என்பதை விளக்கத்தான் நெடுநேரம் ஆகும். 1948, 1956, 1983 என்று பழைய கதையெல்லாம் சொல்ல வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? பக்கத்தில் ஐ.எஸ்.ஐ.க்காரனை நிறுத்திவிட்டால் போதும். பொருத்தமில்லாமை தெரியாமல் வந்த பிழை அன்று. அது சோம்பேறித்தனத்தின் குறுக்குவழி.

ஆனால் நம்மை அதிகம் உறுத்துவது ஐ.எஸ்.ஐ. அன்று, ராஜிதான்.

தொடரிலேயே உண்மையான பகுதி எது தெரியுமா? ராஜி ஆலைக்குப் போகிற பகுதி. மேற்பார்வையாளன் அருகே வந்து நிற்பதும், அவள் ஒதுங்குவதும், பேருந்து நெரிசலில் ஒருவன் உரசுவதும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதும். நம் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. கார்மெண்ட்ஸுக்குப் போகிற ஒரு தங்கை, “இதை மட்டும் யாரோ வேலைக்குப் போனவங்க எழுதியிருக்காங்க” என்றார். அவ்வளவு சரியாக வந்திருக்கிறது.

அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். அவள் ஏன் பொறுத்துக்கொள்கிறாள்? வயிற்றுப்பாட்டுக்காகவா, தங்கையைப் படிக்க வைக்கவா, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்பவா? இல்லை. மறைந்திருக்கும் கொலைப்படைக்காரி என்பதால் பொறுத்துக்கொள்கிறாள்! இலட்சக்கணக்கான பெண்கள் கூலிக்காக அன்றாடம் விழுங்கும் அவமானம், இந்தக் கதையில் வெடிகுண்டின் திரியாகிவிடுகிறது. வாய் திறக்காமல் வேலை செய்கிறாளா, யாரோடும் பழகாமல் வீடு திரும்புகிறாளா, அவள் பேசும் தமிழ் கொஞ்சம் வேறாக இருக்கிறதா — கவனி! பிழைக்க வந்தவர்களின் பொறுமையையே சந்தேகத்தின் அங்க அடையாளமாக்கிவிட்டார்கள்.

உண்மையான ராஜிகள் பொறுமை இழந்தபோது என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டாம். ஓசூர் சாலைக்குப் போனால் போதும். சேமநல நிதியில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்கமுடியாது என்று ஒன்றிய அரசு விதி போட்டபோது, 2016 ஏப்ரல் 18-ஆம் நாள் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். எந்தத் தலைவரும் அழைக்கவில்லை. கன்னடப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் தெலுங்குப் பெண்ணும் தோளோடு தோள் நின்றார்கள். அடி வாங்கினார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் தில்லி அந்த விதியைத் திரும்பப் பெற்றது. ஆலைப் பெண்ணின் கோபத்தை வைத்து நம்பத்தக்க ஒரு தொடர் எடுக்க வேண்டுமென்றால் இதோ கதை. எடுப்பார்களா? இதில் விமானம் இல்லையே!

‘கதைதானே’ என்ற தம்பிகளுக்கு 1991-ஆம் ஆண்டு தெரியாது. அந்த ஆகஸ்டு 20-ஆம் நாள், நம் பெங்களூரின் கோணனகுண்டேயில் ஒரு வாடகை வீட்டில் சிவராசனும் கூட்டாளிகளும் பிணமாகக் கிடந்தார்கள். அதன்பின் வீடு தேடிப்போன தமிழ்க் குடும்பங்களிடம் ‘எந்த ஊர்? எந்தத் தமிழ்? யார் யார் வந்து போவார்கள்?’ என்று கேட்டார்கள். கணவன் பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில், நடுவர் மன்றத்தின் காவிரி இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும், தமிழர் குடிசைகள் எரிந்தன. குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்கள். அன்று நம்மில் பலரைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்தவர்களும் கன்னட அண்டை வீட்டார்தான். அதையும் சேர்த்தே சொல்கிறோம். ஒன்று கொலைவழக்கு, மற்றொன்று தண்ணீர் வழக்கு. ஆனால் இரண்டிலும் நாம் வாடகைக்கு இருக்கும் அந்நியர்கள்.

பழைய கதை என்கிறீர்களா? 2024 மார்ச் 1-ஆம் நாள் பெங்களூரில் ராமேஸ்வரம் கஃபே உணவகத்தில் குண்டு வெடித்தது. மார்ச் 19-ஆம் நாள் ஒன்றிய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே, தமிழ்நாட்டிலிருந்து பயிற்சி பெற்று வருகிறவர்கள் இங்கே குண்டு வைக்கிறார்கள் என்று பேசினார். எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். வழக்கும் பிறகு சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. ஏப்ரலில் மேற்கு வங்கத்தில் பிடிபட்ட முக்கியக் குற்றவாளிகளோ கர்நாடகத்தின் தீர்த்தஹள்ளியைச் சேர்ந்தவர்கள். தொடரைப் பார்த்துத்தான் அமைச்சர் அப்படிப் பேசினார் என்று நாம் சொல்லவில்லை. நாவின் நுனியில் அந்தக் கதை தயாராக இருந்தது என்றுதான் சொல்கிறோம். தயாராக வைத்திருப்பவர்கள் யார் என்பதே கேள்வி.

அமெரிக்காவில் இதே போன்ற ஒரு சச்சரவு எழுந்தது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் வென்று, அடிமைமுறை இன்றுவரை நீடித்திருந்தால் என்று ‘கான்ஃபெடரேட்’ என்ற தொடரை எடுக்கப்போவதாக எச்.பி.ஓ. 2017 ஜூலையில் அறிவித்தது. கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கேட்டது, போலீஸ் துப்பாக்கிக்கு எங்கள் பிள்ளைகள் விழுந்துகொண்டிருக்கும்போது இது எங்களுக்கு எப்படி ‘மாற்று’ வரலாறாகும் என்பதே. 2020-க்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. அரசு தடை போடவில்லை. மக்கள் வாதம் வென்றது. நம் தலைவர்கள் ஜவடேகருக்குக் கடிதம் எழுதிய மையை இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

இனி நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறுவோம். சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

பொருந்தாத மாற்று வரலாறு வடநாட்டாருக்கு மட்டும் சொந்தமா? 2023 பிப்ரவரி 13-ஆம் நாள் தஞ்சையில் பழ. நெடுமாறன், பிரபாகரன் உயிரோடு நலமாக இருக்கிறார், விரைவில் வெளிப்படுவார் என்று அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 27-ஆம் நாள், பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் இணையக் காணொளியில் உரையாற்றினார். நம் பேட்டையிலேயே இனிப்பு வழங்கியவர்கள் இருந்தார்கள். ஐயா நெடுமாறன் மீது நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் கொரொலியோவ் கதைக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேட்க வேண்டும். 2009 மே மாதம் அந்தக் குறுகிய மணல்திட்டில், மூன்று பக்கமும் இராணுவமும் ஒரு பக்கம் கடற்படையும் சூழ்ந்திருக்க, எப்படித் தப்பினார்? இத்தனை ஆண்டுகள் யார் சோறு போட்டார்கள்? ‘தலைவர்கள் சாகவில்லை, வெளிநாட்டில் இருக்கிறார்கள்’ என்ற அந்த முதல் ஆணியைத் தொடர்காரர்கள் எங்கிருந்து பிடுங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம் மேடையிலிருந்துதான்! அவர் வருவார் என்று நாம் கைதட்டியதையே, அவர் குண்டோடு வருவார் என்று அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

உண்மையிலேயே ஓர் ஆணியைப் பிடுங்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நாம் ஒன்று காட்டுகிறோம். 1957 ஜூலை 26-ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பிரதேச சபைகள். நிலக் குடியேற்றத்தில் அவற்றுக்கு அதிகாரம். அங்கே தமிழில் நிர்வாகம். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9-ஆம் நாள் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம். அவரையும் 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவே சுட்டார்.

அந்த ஏப்ரல் காலையில் பண்டாரநாயக்கா வாசலுக்கு வராமல் இருந்திருந்தால்? இதில் யாரும் தங்கள் குணத்துக்கு மாறாக நடக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தானது. ஒரு மனிதன் ஒரு நாள் உறுதியாக இருந்தால் போதும். அதிலிருந்து 1983 வருமா, ராமேசுவரத்துக்குப் படகுகள் வருமா, தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் பிறந்து வளர்ந்து, 2019 குடியுரிமைச் சட்டத்திலும் இடம் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் இருப்பார்களா என்று பத்துப் பகுதி எடுக்கலாம். ராஜி அந்தத் தொடரில் கிளிநொச்சியில் ஆசிரியையாக இருப்பாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ‘ஃபேமிலி மேன்’ இரண்டாம் பாகத்தின் முதல் இரண்டு பகுதிகளைப் படிப்பகத்துப் பெரிய திரையில் எல்லாருமாகப் பார்க்கப்போகிறோம். பார்த்தபின் 1957 ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிப்போம். ‘கதைதானே’ என்ற தம்பிகள் முன்வரிசைக்கு வர வேண்டும். கார்மெண்ட்ஸ் தங்கைகள் பணி முடிந்து வரும்வரை கூட்டத்தைத் தொடங்கமாட்டோம்.